வண்டியை ஆளுக்கு அமைத்தல்
(புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டும் அங்கத்தினர்களுக்கு)

சென்ற தை மாதத்தில் எனது சரகத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கையிருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். நூல் மூட்டைகளை எண்ணி முடித்து வெளியே வந்தபொழுது, வாயிலில் ஓர் அங்கத்தினர் தமது புதிய மோட்டார் சைக்கிளின் அருகில் நின்று வலக்கை விரல்களை உதறிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதை அடுத்தவர். குழித்தறியில் முப்பது ஆண்டுகள் நெய்தவர். நூல் வாங்கவும் சேலைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கவும் பேருந்தை நம்பிப் பயனில்லை என்று தவணையில் வாங்கிய வண்டி அது. மூன்றாவது தவணையும் கட்டாத நிலையில், அதை விற்றுவிடப் போவதாகக் கூறினார்.

“ஐயா, வீட்டிலிருந்து இங்கு வந்து சேர்வதற்குள் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்துப் போகின்றன. மறுநாள் காலையில் அறுந்த இழையைப் பிணைக்க முடியவில்லை. கை போய்விட்டால் வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?”

வண்டி பழுதற்றது. அவர் கையும், அந்நாள் வரை, பழுதற்றதே. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எவரும் அமைத்துக் கொடுக்கவில்லை என்பதுதான் குறை. புதிதாக வண்டி வாங்கும் அங்கத்தினர்கள் பலருக்கு இக்குறை இருப்பதை ஊர் ஊராகச் செல்லும் நான் காண்கிறேன். ஆகவே இத்திங்கள் கடன் வசூலையும் பங்குத் தொகையையும் சற்று ஒதுக்கிவைத்து, இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

நெசவாளர் எவரும் பிறர் தறியில் அப்படியே உட்கார்ந்து நெய்யமாட்டார். பலகை தாழ்வாக இருந்தால் சாக்கை மடித்துப் போடுவார். படமரம் வயிற்றை இடித்தால் பலகையைப் பின்னே தள்ளுவார். மிதி எட்டாவிட்டால் கயிற்றை மாற்றிக் கட்டுவார். உழவரும் அவ்வாறே. ஏர்க்காலில் நுகத்தடியைச் சற்று முன்னோ பின்னோ மாற்றிக் கட்டிக் கொழு இறங்கும் ஆழத்தைச் சரிசெய்வது அவருக்குத் தந்தை கற்றுக்கொடுத்த வித்தை. இவர்களே மோட்டார் சைக்கிளை வாங்கியவுடன், கடையில் நின்ற கோலத்திலேயே அதை ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இயந்திரம் என்றால் தொடக்கூடாத பொருள் என்ற எண்ணம் போலும்! தொழிற்சாலையில் நடுத்தரமான ஓர் உடலமைப்பை மனத்திற்கொண்டு வண்டியைச் செய்கிறார்கள். அந்த நடுத்தர மனிதர் நம் சங்கத்தில் அங்கத்தினராக இருக்கவேண்டுமென்ற நியதி ஏதுமில்லை.

ஓட்டுபவரின் உடல் வண்டியை மூன்று இடங்களில் தொடுகிறது. இருக்கை ஒன்று, கால் வைக்கும் புட்ரெஸ்ட் ஒன்று, கை பிடிக்கும் ஹேண்டில் பார் ஒன்று. ஓரிடத்தை மாற்றினால் மற்ற இரண்டின் தூரமும் மாறும். ஆதலால் முதலில் இருக்கை, பிறகு கால், இறுதியில் கை என்ற வரிசையில் செல்வது நலம். கையில் வலி என்றவுடன் ஹேண்டில் பாரைத் திருகுவோர் பலர். வலியின் காரணம் இருக்கையில் அவர்கள் உட்கார்ந்த இடமாக இருக்கக்கூடும்.

புதியவருக்கு முதலில் தோன்றும் அச்சம் கால் தரையில் எட்டுமா என்பதே. நாட்டுப்புறத்தில் மிகுதியாகக் காணப்படும் ஸ்பிளெண்டர் வண்டியின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர். கிளாஸிக் 350 என்னும் கனத்த வண்டிக்கு 805. இவ்வளவு சிறிய வேறுபாடும் குட்டையான ஒருவருக்குப் பெரிதாகவே தோன்றும். ஆயினும் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதியவேண்டும் என்பது அவசியமன்று. நிற்கும்பொழுது இடது பாதம் உறுதியாகப் பதிந்து, வலது பாதம் பிரேக்கின்மேல் இருந்தால் போதும். இருக்கையின் முற்பகுதி குறுகலானது. அங்கே நகர்ந்து அமர்ந்தால் தொடைகள் விரியாமல் கால் இன்னும் சற்று இறங்கும். உயரத்தைப் போலவே இருக்கையின் அகலமும் காலைத் தடுக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அப்படியும் எட்டாதவர், இருக்கை தைப்பவரிடம் சென்று முற்பகுதியின் இரு ஓரங்களையும் செதுக்கச் சொல்லலாம். நடுவிலுள்ள பஞ்சை ஆழமாக வெட்டிவிட்டால் அடிப்பலகை உடம்பில் இடிக்கும். கால் எட்டியும் முதுகு ஓட்டவிடாது. பின்புற ஸ்பிரிங்கை அறுத்தோ வேறு குட்டையானதைப் பொருத்தியோ வண்டியைத் தாழ்த்தும் வேலை சில பட்டறைகளில் நடக்கிறது. அதற்கு உடன்படவே கூடாது.

ஓடும்பொழுது அமரவேண்டிய இடம் வேறு. பெட்ரோல் டாங்கியின்மேல் ஏறி உட்காருவதும் தவறு. பின்னால் ஒருவர் இருப்பதுபோல் எண்ணிக்கொண்டு கடைசியில் போய் உட்காருவதும் தவறு. முழங்கால்கள் டாங்கியின் இரு பக்கங்களிலும் இலேசாக ஒட்டியிருக்க, முழங்கைகள் சற்று மடங்கியிருக்கும் இடமே ஓட்டுபவரின் இடம். முழங்கை விறைத்து நீண்டிருந்தால், சாலைப் பள்ளம் ஒவ்வொன்றும் மணிக்கட்டு வழியாகத் தோளுக்கு ஏறும். பிரேக் பிடிக்கும்பொழுது உடல் முன்னே சரியாமல் தடுக்கவேண்டியவை முழங்கால்களே. முழங்கால் பற்றாதவர் அந்தப் பாரத்தையெல்லாம் உள்ளங்கையில் தாங்குகிறார். மரத்துப் போதல் அங்கேதான் தொடங்குகிறது.

உழவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. 45 கிலோ யூரியா மூட்டையை டாங்கியின்மேல் சாய்த்து, கைகளை அதன் இருபுறமும் நீட்டிக்கொண்டு செல்வதை வாரந்தோறும் காண்கிறேன். டாங்கியை முழங்காலால் பற்ற முடியாது. ஹேண்டில் பாரை முழுவதும் திருப்பவும் முடியாது. முன்புறம் தட்டையான இடம் உள்ள மொபெட்டில் வைக்கக்கூடிய மூட்டையை மோட்டார் சைக்கிளில் வைக்க முயல்வதை விடுத்து, இருவர் சேர்ந்து ஒரு சுமை வண்டி பேசிக்கொள்ளுதல் மேல்.

இனிக் கால்கள். இதில் எனக்கே ஒரு கதை உண்டு. பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் பேருந்திலேயே சுற்றிவந்த நான், இருபத்தொன்பதாம் வயதில்தான் வண்டி ஓட்டக் கற்றேன். பட்டம் பெற்றதற்கும் பிரேக் மிதிப்பதற்கும் தொடர்பில்லை என்பது அப்பொழுது தெரிந்தது. எனது வண்டியில் பின்புற பிரேக் மிதி, புட்ரெஸ்டைவிட மிக உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தூக்கி வைப்பது சலிப்பாக இருந்தமையால், என்னையறியாமல் பாதம் அதன்மேல் சாய்ந்தே கிடந்தது. பெட்ரோல் அதிகம் செலவாயிற்று. பின்சக்கரத்தின் நடுப்பகுதி சுட்டது. கருகிய வாடை வந்தது. என்ஜினில் கோளாறு என்றே எண்ணினேன். ஒருநாள் மாலை, குறுக்கே வந்த ஆடுகளுக்காக நான் வண்டியை நிறுத்த, பின்னால் வந்த பால் வண்டி ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அமைதியாக, “சார், உங்கள் பின்விளக்கு இரண்டு மைலாக எரிந்துகொண்டே வருகிறது. நீங்கள் எப்பொழுது உண்மையாகவே பிரேக் பிடிப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அன்றிரவே மிதியை இறக்கினேன்.

பிரேக் மிதி இருக்கவேண்டிய உயரம் எது? செருப்போ காலணியோ அணிந்து, பாதத்தைப் புட்ரெஸ்டில் இயல்பாக வைத்தால், முன்பாதம் மிதிக்குச் சற்று மேலே, அதைத் தொடாமல் நிற்கவேண்டும். அழுத்த வேண்டுமாயின் குதிகாலைத் தூக்காமல் கணுக்காலை மடக்கினாலே போதுமானதாக இருக்கவேண்டும். பல வண்டிகளில் மிதியின் அடியில் ஒரு தடுப்புப் போல்ட் உண்டு. அதன் பூட்டு நட்டைத் தளர்த்தி, போல்ட்டைத் திருகி மிதியை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். சில வண்டிகளில் அந்த வசதி இல்லை. உயரத்தை மாற்றியபின் இரண்டு செயல்களை மறவாமல் செய்தல் வேண்டும். மிதியின் வெற்று அசைவு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் மிதி சும்மா இறங்கும் அளவு, மாறியிருக்கும். டிரம் பிரேக் உள்ள சிறு வண்டிகளில் இது பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். சக்கரத்தருகே உள்ள நட்டைத் திருகி அதைச் சரிசெய்க. அடுத்தபடியாக, பிரேக் விளக்கின் ஸ்விட்சையும் பார்க்கவேண்டும். மிதித்தால் எரிந்து, விட்டால் அணைகிறதா என்று சுவரருகே நிறுத்திச் சோதித்தறியலாம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகள் பலவற்றில் பின்மிதியை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு வந்துள்ளது. அத்தகைய வண்டியில் இரண்டு இணைப்புகளும் ஒத்துப்போக வேண்டுமாதலால், இவ்வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுக.

கியர் மிதியின் அமைப்பு இன்னும் எளிது. அது பல் வெட்டிய ஒரு தண்டில் செருகப்பட்டு, ஒரு போல்ட்டினால் இறுக்கப்பட்டிருக்கிறது. கழற்றுமுன் மிதியிலும் தண்டிலும் நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு இட்டுக்கொள்ளுங்கள். போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் மிதி வராது. பல வண்டிகளில் போல்ட் தண்டின் பள்ளத்தில் குறுக்கே செல்வதால் அதை முழுவதும் உருவவேண்டும். இதையறியாமல் சுத்தியலால் தட்டித் தண்டையே கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். மிதியை இழுத்தெடுத்து, ஒரே ஒரு பல் மட்டும் மேலோ கீழோ தள்ளிச் செருகிப் பாருங்கள். தண்டில் ஒரு பல் என்பது மிதியின் நுனியில் நன்றாகத் தெரியும் வேறுபாடு. பெரிய பாதமுள்ளவருக்கும் வயலுக்கு ரப்பர் காலணி அணிந்து செல்பவருக்கும் மிதி சற்று உயர்ந்திருப்பதே வசதி. பழைய புல்லட் வண்டியை இரண்டாங்கையாக வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அவற்றில் கியர் வலப்புறமும் பிரேக் இடப்புறமும் இருக்கும். ஒரே வீட்டில் இவ்விருவகை வண்டிகளையும் மாற்றி மாற்றி ஓட்டுவது புதியவருக்கு அபாயமானது.

கைகளுக்கு வருவோம். நெசவாளருக்கு இதுவே உயிர்நாடி. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய வழியினூடே செல்லும் நரம்பு கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றிற்கு உணர்ச்சி தருகிறது. மணிக்கட்டு நெடுநேரம் மடங்கியே இருந்தால் அந்நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்பு உள்ளங்கையின் ஓரத்தில் ஓடுகிறது. உடலின் பாரம் உள்ளங்கையில் சாய்ந்தால் அது நசுங்குகிறது. ஆகவே எந்த விரல் மரத்துப் போகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். முதலிரு விரல்கள் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா என்று முதலில் நோக்குக. சுண்டுவிரலும் அதன் அடுத்ததும் மரத்தால் பாரம் கையில் இறங்குகிறதா என்று பார்க்க. என்ஜினின் அதிர்வும் இறுகப் பிடிக்கும் வழக்கமும் இரண்டையும் வளர்க்கும்.

முன்னே கூறிய அங்கத்தினரை வண்டியில் அமரச் செய்து பக்கவாட்டில் நின்று நோக்கினேன். பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் ஏறத்தாழத் தரைக்குச் சமமாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் விரலை வைக்க அவர் மணிக்கட்டைப் பின்புறமாக மடக்கவேண்டியிருந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே நேர்கோடாக இருக்கவேண்டும். அதற்கேற்ப லீவர்கள் முன்னோக்கிக் கீழே சாய்ந்திருக்கவேண்டும். ஒவ்வொரு லீவரின் பிடிப்பிலும் உள்ள சிறு போல்ட்டைச் சற்றே தளர்த்தி, அவர் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் தாமாகச் சென்று விழும் கோணத்தில் நிறுத்தி இறுக்கினேன். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாயின், லீவரோடு எண்ணெய்க் கிண்ணமும் சாயும். சிறிதளவுக்கு மேல் திருப்பவேண்டாம். கை சிறுத்தவர்கள் லீவர் எட்டவில்லை என்பார்கள். சில வண்டிகளில் லீவரின் அடியில் தூரத்தைக் குறைக்கும் திருகு உண்டு. இல்லாதவற்றில் கேபிளை மட்டும் தளர்த்திக் கிளட்சை அருகில் கொண்டுவர முயலக்கூடாது. கிளட்ச் முழுதாக விலகாமல் கியர் முரண்டும். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெற்று அசைவு இருப்பது பெரும்பாலான சிறு வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு கூறியிருந்தால் அதுவே பிரமாணம்.

லீவர் சரியானபின்னும் முழங்கை நீண்டே இருந்தால் ஹேண்டில் பாரையே திருப்பலாம். நடுவில் அதைக் கவ்வியிருக்கும் பிடிப்புகளின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றாமல் தளர்த்தி, உங்களை நோக்கி மிகச் சிறிதளவு திருப்புங்கள். நிமிர்ந்து அமர விரும்பும் முதியவர்களுக்கு இது உதவும். மிகுதியாகத் திருப்பினால் கைப்பிடியின் நுனி கீழே தொங்கி, மணிக்கட்டு வேறு வகையில் முறுகும். போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கியபின், ஹேண்டில் பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். கைப்பிடி டாங்கியில் இடிக்கக்கூடாது. கேபிள் எதுவும் விறைக்கக்கூடாது. அதன்பின் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு மீண்டும் திருப்புங்கள். திருப்பும்பொழுது என்ஜின் தானாக வேகமெடுத்தால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்நிலையில் ஒரு வளைவில் திரும்பினால் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஹேண்டில் பாரை மாற்றி வேறொன்று பொருத்துவது வேறு விஷயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உள்ள உறுப்பைத் திருப்பி வைப்பது அதில் சேராது. எனினும் கடைத்தெருவில் பளபளக்கும் உறுப்புகளை வாங்கிப் பொருத்துமுன் ஒருமுறை யோசிக்கவேண்டும்.

ஸ்கூட்டர் ஓட்டும் பெண் அங்கத்தினர்களுக்குக் கால்மிதிகளின் தொல்லையில்லை. லீவர்களைப் பற்றிக் கூறியவை அவர்களுக்கும் பொருந்தும். ஸ்கூட்டரில் டாங்கியைப் பற்றும் வசதி இல்லாமையால், பிரேக் பிடிக்கும்பொழுது பாதங்களைப் பலகையில் ஊன்றிக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

பின்புற ஷாக் அப்சார்பரில் படிபடியாக அமைந்த ஒரு வளையம் உண்டு. பல வண்டிகளில் ஐந்து படிகள். அதை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. சுமையினால் வண்டி அமுங்கும் அளவைத் தாங்கிப் பின்புறத்தை உயர்த்துகிறது. தனியே செல்லும் மெலிந்த ஆள் முதற்படிகளில் வைக்கலாம். மனைவியோடோ நூல் மூட்டையோடோ செல்பவர் ஏற்றவேண்டும். ஏற்றாமல் சென்றால் பின்புறம் அமுங்கி, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கவேண்டும் என்பதை மறக்கலாகாது. சக்கரக் காற்றின் அளவையும் ஆள் எண்ணிக்கைக்கேற்பக் கையேட்டின்படி வைத்தல் வேண்டும்.

ஒரு நாளில் ஒரு மாற்றமே செய்க. தணிக்கைக்காரன் புத்தி என்று சிரித்தாலும் சரி, எந்தத் தேதியில் எதை எவ்வளவு மாற்றினோம் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பழகிய சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துப் பிறகு அடுத்ததற்குச் செல்க. நான்கையும் ஒரே காலையில் மாற்றியவருக்கு நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று தெரியாது. முதல் சில வாரங்களில் தொடையிலும் தோளிலும் தோன்றும் வலி பெரும்பாலும் பழக்கமின்மையால் வருவது. பழகப் பழகக் குறையும். விரல் மரத்துப் போதல் அத்தகையதன்று. அமைப்பைச் சரிசெய்தும், வண்டியை விட்டு இறங்கிய பின்னும், இரவிலும் அது நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கக்கூடாது. தறியில் உழைக்கும் கைக்கு மணிக்கட்டு நரம்பு ஏற்கெனவே சிரமப்பட்டிருக்கும். வண்டி அதன்மேல் ஏறிய இரண்டாவது சுமை.

பின்னால் பார்க்கும் கண்ணாடிகளை எல்லாவற்றிற்கும் கடைசியில் திருப்பிக்கொள்ளவேண்டும். அமரும் இடம் மாறினால் கண்ணாடியில் தெரிவதும் மாறும். தளர்த்தி இறுக்கிய போல்ட்டுகள் அனைத்தையும் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஸ்பேனர் வைத்துப் பார்க்கவேண்டும்.

மாசி இறுதியில் அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றேன். வண்டி அவரிடமே இருந்தது. மரப்பு முற்றும் நீங்கவில்லை, பாதிக்குமேல் குறைந்திருக்கிறது என்றார். அரசு மருத்துவமனையில் காட்டி, இரவில் மணிக்கட்டுக்குக் கட்டும் பட்டையொன்றும் வாங்கியிருந்தார். அன்று அவர் ஒப்படைத்த சேலைகளை நான் பிரித்துப் பார்த்தேன். பிறகு அவர் தம் வண்டிக்கு அருகில் நின்ற மற்றொரு புதிய வண்டியைக் காட்டி, “இது என் மைத்துனருடையது, இதன் பிரேக் மிதியையும் சற்றுப் பாருங்கள் ஐயா” என்றார். 10-ஆம் எண் ஸ்பேனர் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.